கோட்டில் வந்த சோளம்

எங்கள் ஆண்கள் அந்த வேலியை அன்பினால் போட்டதாகவே இன்றும் சொல்கிறார்கள். பெண்கள் வெயிலில் கிடந்து உழைக்கிறார்களே, ஒரு சனிக்கிழமையாவது அவர்களுக்குக் கைகொடுப்போம் என்று போனார்களாம். அன்பு என்ற சொல்லை இவ்வளவு மலிவாக வழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சினம் மூளுகிறது. இத்தனை ஆண்டுகளாகியும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. அதன் மண்டபத்துக்குப் பின்னால் முரட்டுப் புல் மண்டிய ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. போரினால் நாடு விட்டு வந்த பெண்கள் கூடித் தோட்டம் செய்வதற்கென்று போதகர் அதை விட்டுத்தந்தார். எங்களில் சிலர் யாழ்ப்பாணத்தார். மற்றவர்கள் சோமாலியாவின் தெற்கே, ஓர் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். புல்லை வெட்டிப் புரட்டினால் உள்ளே கறுத்த எரிமலை மண்ணும், கையைக் கிழிக்கும் துளைத்த கற்களும். அந்தக் கற்களைப் பொறுக்கியே எங்கள் முதல் மாதம் கழிந்தது.

ஆற்றங்கரைப் பெண்களுக்குத் தலைவி போல ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். உரத்த குரல், அகன்ற தோள், யாரையும் ஏவும் இயல்பு. அகதி முகாமிலும் பின்னர் இங்கேயும் கற்ற அவளுடைய ஆங்கிலமும், பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகி வாயால் பேசிப் பழகாத என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன. நாங்கள் கழுத்துச் சங்கிலியோடும் காப்போடும் தோட்டத்துக்கு வருவதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரிப்பாள்.

"சிஸ்டர், இன்றைக்கு யாருக்குக் கல்யாணம்? மிளகாய்க்கா, கத்தரிக்கா?"

எங்களுடைய முதல் எண்ணம் இயல்பாகவே பங்கு பிரிப்பதாக இருந்தது. உனக்கு இந்த மூலை, எனக்கு அந்த மூலை. அவள் அதைக் கேட்டு, சொல் விளங்காதவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு தங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அங்கே பெண்களின் தோட்டம் ஆற்றை ஒட்டியது. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வரம்புகளை அழித்துவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்ததும் நீளவாக்கில் வரிசைகள் கீறி, ஆளுக்கொரு வரிசை எடுப்பார்கள். அதில் ஒரேயொரு கட்டுப்பாடு: உன் வரிசைக்கு அடுத்த வரிசை உன் உறவுக்காரியுடையதாக இருக்கக் கூடாது. அக்காவும் தங்கையும் அருகருகே நிற்கக் கூடாது. ஒரு வீட்டு மருமக்கள் அருகருகே நிற்கக் கூடாது. உன் பயிருக்குக் காவல் உனக்கு உறவில்லாதவள். அவள் பயிருக்குக் காவல் நீ. ஊரில் இரண்டு வீட்டார் வெட்டுக்குத்தில் நின்றாலும் தோட்டத்தில் இரண்டு பக்கம் உண்டாகாது. பக்கம் என்று சொல்ல அங்கே இடமே இல்லை. அன்றன்று வருபவள் தன் வரிசையில் ஒன்றுமில்லையென்றால் அடுத்த வரிசையில் ஒரு சட்டிக்குப் போதுமானதைப் பறிக்கலாம். மறுமுறை கண்டதும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியே செய்தோம். ஒரு வரிசை அவர்களுடையது, அடுத்தது எங்களுடையது, மீண்டும் அவர்களுடையது. களை பிடுங்கக் குனிந்தால் இருபுறமும் வேற்று மொழி கேட்கும். நான் வாழ்நாளில் கண்ட எந்தச் சபையிலும் சங்கத்திலும் இத்தனை அறிவுள்ள விதியை ஒருவரும் இயற்றியதில்லை.

மேற்கு ஓரத்து இரண்டு வரிசைகளை மட்டும், எல்லாரும் ஒத்துக்கொண்டதால், அவளே எடுத்துச் சோளம் போட்டாள். ஆக்லாந்தின் காற்று மேற்கிலிருந்து வருவது. உயரமான பயிர் அங்கே நின்றால் மற்ற எல்லாவற்றுக்கும் மறைப்பாகும் என்பது அவள் கணக்கு. அது கடைகளில் விற்கும் இனிப்புச் சோளம் அன்று. இடித்து மாவாக்கிக் களி கிண்டும் வெள்ளைச் சோளம். அந்த விதைக்காக அவள் இரண்டு ஆண்டு அலைந்திருக்கிறாள். ஓட்டாராச் சந்தையில், பசிபிக் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய ஒரு முதியவரிடம் கைப்பிடியளவு கிடைத்தது. அவரிடமும் வேறு இருக்கவில்லை. அவ்வளவையும் ஊன்றிவிட்டாள்.

"இந்த ஆண்டு யாரும் ஒன்றும் தின்பதில்லை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "தண்டிலேயே காயவேண்டும். எல்லாம் விதை. அடுத்த ஆண்டு இந்தத் தோட்டம் முழுக்கச் சோளம். அதன்பிறகு என் பிள்ளைகளுக்குக் கடைப் பாண் ரொட்டி இல்லை."

அவளுடைய கணவன் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. அரசாங்க வீட்டில் பிள்ளைகளோடு தனியே இருந்தாள். அந்தப் பிள்ளைகள் அவளோடு ஆங்கிலத்தில் வாயாடத் தொடங்கியிருந்தார்கள். அவள் சமைத்ததை முகர்ந்து பார்த்து ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர்ச் சோற்றை மறக்குமுன் அவர்களுக்கு அதை ஊட்டிவிடவேண்டும் என்பதில் அவள் வெறியாக இருந்தாள். அந்த இரண்டு வரிசைச் சோளத்தில் அவளுக்கு இருந்தது அதுதான்.

அவற்றுக்கு அடுத்த வரிசை எங்கள் ஆட்களில் ஒருத்தியுடையது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க நில அளவையாளராக இருந்தவரின் மனைவி. சோளம் காற்றை மறைத்ததனால் அவளுடைய கத்தரிதான் தோட்டத்திலேயே செழித்தது. ஒருநாள் ஆற்றங்கரைக்காரி அதில் ஒரு சட்டிக்குப் பறித்தாள். மறுமுறை கண்டதும் சொல்லவும் செய்தாள். இவள் சிரித்துக்கொண்டு, அதை எப்படி வதக்குவது என்று காற்றில் அகப்பை சுழற்றிக் காட்டினாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அன்றிரவுச் சாப்பாட்டில் கத்தரிக்காய் எங்கே என்று கணவர் கேட்டிருக்கிறார். "அவையள் எடுத்தவை" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இரண்டே சொல்: அவர்கள் எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லும் ஒரு கிழமைக்குள் எங்கள் ஆண்களிடையே களவாக வளர்ந்துவிட்டன.

எங்கள் ஊரில் வேலி என்பது என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கதியால் என்னும் உயிர்க் கம்புகளை நட்டு ஓலை கட்டி ஆண்டுதோறும் அடைப்பார்கள். அடைக்கும்போதெல்லாம் அது ஒரு விரற்கடை அயல்வீட்டுப் பக்கம் நகரும் என்று அயலவர் நம்புவார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். கூடப்பிறந்தவர்கள் செத்த வீட்டுக்கும் போகாமல் இருந்தது வேலியால். வழக்காடி வழக்காடிக் காணியை விற்று, அந்தக் காசில் மேலும் வழக்காடியது வேலியால். ஆனால் அந்த வேலியிலும் ஒரு பொட்டு விடுவார்கள். ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. பெண்கள் அதன் வழியே போய்வந்து, கறி கொடுத்து, கதை கேட்டு, ஆண்கள் பேசாத வீடுகளைப் பேசும் வீடுகளாக வைத்திருந்தார்கள். இப்போது அந்த வேலியும் இல்லை, வீடும் இல்லை, அயலும் இல்லை. எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தோம். எங்கள் ஆண்கள் விட்டுவராதது வேலி ஒன்றைத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் பிள்ளைகளோடு தமிழ்ப் பள்ளியில் இருந்தோம். நான் அங்கே கற்பித்தேன். பகலில் வகுப்பை முடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நானும் நில அளவையாளரின் மனைவியும் தோட்டத்துக்குப் போனோம். மண்டபத்தின் மூலையில் திரும்பியதும் நின்றுவிட்டோம்.

நிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக மரக்கட்டைகள் நடப்பட்டு, கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் மிளகாயும் கத்தரியும் வேரோடு பிடுங்கி மேற்குப் பக்கத்தில் நடப்பட்டு, வெயிலில் தலைசாய்ந்து கிடந்தன. ஆற்றங்கரைப் பெண்களின் போஞ்சியும் பூசணியும் கிழக்குப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. மேற்கு ஓரம் வெறுமையாக இருந்தது; எங்கள் பக்கத்தின் வெளி எல்லைக் கோடு அங்கே, சோளம் நின்ற இடத்தின் மேலாகப் போயிருந்தது. சோளம் முழுவதும் வெட்டி, மண்டபச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தது. மிக ஒழுங்காக, நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க.

நில அளவையாளர் கையில் நூலோடு நின்றார். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை த்ரீ கிங்ஸ் பல்பொருள் அங்காடியில் தகரப் பேணிகளைத் தட்டுகளில் அடுக்குவது. நாடு விட்டு வந்தபின் அவர் முகத்தில் அன்றைக்கிருந்த ஒளியை நான் கண்டதில்லை. அது எதனால் வந்த ஒளி என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால் மன்னித்தேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர்.

"வாங்கோ ரீச்சர், வந்து பாருங்கோ," என்றார் அளவையாளர். "நூல் பிடிச்ச நேர். எந்தப் பெரிய துரை வந்து அளந்தாலும் ஒரு அங்குலம் பிழை காணேலாது."

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அவையின்ர அவைக்கு, எங்கட எங்களுக்கு. களவுமில்லை, கதையுமில்லை."

என் பின்னாலிருந்து அவருடைய மனைவி முன்னே வந்தாள். "களவோ? ஆரப்பா களவெண்டது? நான் சும்மா ஒரு கதைக்கு…"

"நீர் பேசாமல் இரும். உமக்கு ஆரைக் கண்டாலும் இரக்கம்."

நான் குழாயைப் பார்த்தேன். தோட்டத்துக்கு இருந்த ஒரே தண்ணீர்க் குழாய் மண்டபச் சுவரில், மேற்குப் பக்கத்தில் இருந்தது. வேலி கட்டியபின் அது எங்கள் பக்கம்.

"அவையள் தண்ணிக்கு என்ன செய்யிறது?"

என் கணவர் அதற்கும் ஆயத்தமாக இருந்தார். "ஒரு ஹோஸ் பைப் போட்டுக் குடுக்கலாம். வேலிக்கு மேலால எறிஞ்சுவிட்டாச் சரி. நாங்கள் என்ன, தண்ணி குடுக்காத ஆக்களே?"

தண்ணீர் கொடுக்கிற ஆக்கள்! காலையில் அந்தத் தண்ணீர் எல்லாருடையது. பகலில் அதைக் கொடுக்கவோ மறுக்கவோ எங்களுக்கு உரிமை வந்துவிட்டது. கொடுப்பதனால் பெருமையும் வந்துவிட்டது. ஒரு கம்பிவலை அரை நாளில் இவ்வளவையும் செய்யும்.

அளவையாளரின் மனைவி என் காதருகே வந்தாள். "ரீச்சர், ஒரு பொட்டெண்டாலும் விடச் சொல்லுவமே? நாங்கள் போய்வரலாம்."

அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அவள் கணவர்மேல் வந்ததைவிடப் பெரிது. "பொட்டு விட்ட வேலியும் வேலிதான்," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் ஆற்றங்கரைப் பெண்கள் வந்தார்கள். முன்னால் அவள். கூவிக்கொண்டு வந்தவள் வேலியைக் கண்டதும் வாயை மூடினாள். வேலியை அவள் நெடுநேரம் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்தாள், அங்கே நடந்தாள். ஒரு சோளப் பொத்தியை ஒடித்து, உரித்து, மணியில் பெருவிரல் நகத்தை அழுத்தினாள். வெள்ளைப் பால் தெறித்தது. வேறொன்றை எடுத்தாள். பால். அடியிலிருந்து ஒன்று, நுனியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. எல்லாம் பால். முளைக்கக்கூடிய மணி ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தண்டில் நின்றிருந்தால் கல்லாகக் காய்ந்திருக்கும்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவேண்டும் என்று விரும்பினேன். அவள் தன் கூட்டத்தாரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். ஒருத்தி குந்தியிருந்து முகத்தை மூடினாள். மற்றவர்கள் தண்டுகளிலிருந்து பொத்திகளை ஒடிக்கத் தொடங்கினார்கள்.

"சிஸ்டர், சமையலறைச் சாவி உன்னிடம்தானே?"

கொடுத்தேன். மண்டபத்துச் சமையலறையில், தேவாலயத்துக்காரர் தேநீருக்கு வைக்கும் பெரிய பானைகளில் அவர்கள் அவ்வளவு பொத்தியையும் அவித்தார்கள். நான் உடனிருந்து உரித்துக் கொடுத்தேன். அவிந்ததும் அவள் பெரிய தட்டத்தில் குவித்து, ஆவி பறக்க வெளியே கொண்டுபோய், வேலிக்கு மேலாக எங்கள் ஆண்களுக்கு நீட்டினாள்.

"சாப்பிடுங்கள். நிறைய வேலை செய்திருக்கிறீர்கள். பசிக்கும்."

அவர்களுக்கு மகிழ்ச்சி. "பாத்தியளே," என்றார் அளவையாளர் என்னைப் பார்த்து, "அவைக்கு ஒரு கோவமுமில்லை. நீங்கள்தான் துள்ளுறியள்." ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்ல சோளம்."

என் கணவரும் ஒன்றை எடுத்தார். மென்றுகொண்டே, "உப்புத்தான் கொஞ்சம் காணாது," என்றார்.

அவள் புல்லில் உட்கார்ந்து, அவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தி முடிந்ததும் அடுத்ததை எடுத்து நீட்டினாள்.

"அது விதை," என்றேன்.

"என்ன?"

"நீங்கள் தின்னிறது விதை. தண்டில காயவிட்டது. அவவிட்ட வேற ஒரு மணிகூட இல்லை."

அளவையாளர் வாயைத் துடைத்தார். "விதையெண்டா என்ன, கடையில பக்கெற் பக்கெற்றாக் கிடக்குது. அடுத்த கிழமை நானே வாங்கிக் குடுக்கிறன்."

"இது கடையில இல்லை. சேர், நீங்களும் தோட்டம் செய்த வீட்டிலதானே பிறந்தனியள்? விதைக்கெண்டு ஒரு கத்தரிக்காயைப் பழுக்க விட்டால், அதை ஆர் தொடுவினம்? சின்னப் பிள்ளைகூடத் தொடாது. பொத்தியைக் கண்டனியள், பறிக்காமல் விட்டிருக்கெண்டும் கண்டனியள். உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் கையிலிருந்த பொத்தியைத் திருப்பிப் பார்த்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும், அதைச் சொல்லியிருந்தால் இன்று இந்த எழுத்துக்கு இவ்வளவு சூடு இருந்திராது.

"கோட்டில வந்திட்டுது ரீச்சர்," என்றார்.

கோட்டில் வந்துவிட்டதாம். நான் அறிந்த அத்தனை அழிவும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. எங்கள் ஊரைக் கைப்பற்றியவர்களும் வரைபடத்தில் ஒரு கோட்டைக் கீறிக்கொண்டுதான் வந்தார்கள். எங்கள் வீடும் கோட்டில் வந்ததுதான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அழுத மனிதர், ஒரு நூலும் நாலு கட்டையும் கையில் கிடைத்ததும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதுவும் கோட்டைக் கீறியவர் அவரே. ஓர் அடி தள்ளிக் கீறினால் அந்தக் கோடு கோபித்துக்கொண்டா போயிருக்கும்?

நான் போய், அவர்களுடைய கருவிப் பெட்டியில் கிடந்த குறடு ஒன்றை எடுத்தேன். முதற் கட்டையிலிருந்து வளைந்த ஆணிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

"இஞ்சார், என்ன செய்யிறீர்?" என்றார் என் கணவர். "சனம் பாக்குது. சிரிக்கப்போகுதுகள்."

"சிரிக்கட்டும். நீங்கள் சாப்பிடுங்கோ. உப்புக் காணாதெண்டா உள்ளுக்கு இருக்கு, எடுங்கோ."

அளவையாளர் எழுந்து வந்தார். "ரீச்சர், காலமையிலயிருந்து பட்ட பாடு…"

"வாயை மூடுங்கோ," என்றது ஒரு குரல். என்னுடையதன்று. அவருடைய மனைவி பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு வந்து, கம்பிவலையின் மறு ஓரத்தைப் பிடித்தாள். "நான் சொன்ன ரெண்டு சொல்லுக்கு நீங்கள் நட்ட கட்டை இது. நானே பிடுங்கிறன்."

இருவருமாக வலையைக் கழற்றி முடிக்கும்வரை ஆண்கள் அசையவில்லை. உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தட்டத்தில் மிஞ்சியவற்றில் ஈ மொய்த்தது.

ஆற்றங்கரைக்காரி எழுந்து வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் அவிழ்ந்து கிடந்த வலையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கம்பி," என்றாள். "எனக்குக் கோழிக்கு ஆகும்."

தன் ஆட்களை அழைத்தாள். அவர்கள் வலையை இறுகச் சுருட்டித் தோளில் ஏற்றினார்கள். கட்டைகளையும் ஒன்றுவிடாமல் பிடுங்கிக் கட்டினார்கள். அளவையாளர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டார். பூசணிக் கொடிகளில் பிஞ்சாக இருந்தவற்றையும் அவர்கள் விடவில்லை. எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள்.

"இனி வேலி ஒன்றும் இல்லையே, பழையபடி வரிசை கீறலாம்," என்றேன் அவளிடம். "நான் எல்லாரையும் கூப்பிடுகிறேன்."

"கீறு," என்றாள். "உன் அடுத்த வரிசையில் யார் நிற்பாள்?"

நான் நிற்கச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும். அவள் என் கன்னத்தை ஒருமுறை தட்டினாள். அதில் அன்பு இருந்தது, ஆனால் விட்டுக்கொடுப்பு இல்லை. "நீ நல்லவள், சிஸ்டர். நல்லவள் ஒருத்தி போதாது. வரிசைக்கு இரண்டு பக்கம் உண்டு."

அவர்கள் தெருவில் இறங்கி நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பிச் சுருளைத் தோளில் வைத்தபடி அவள் முன்னால் போனாள். யாரையோ ஏதோ ஏவிக்கொண்டு போனாள், குரல் மட்டும் கேட்டது.

அவர்கள் திரும்பி வரவில்லை. போதகர் கேட்டபோது, அவர்களுக்குத் தோட்டத்தில் ஆர்வம் குறைந்துவிட்டதாக எங்கள் ஆண்கள் சொன்னார்கள். அப்படியில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே அவரிடம் சொன்னேன். அவர் வருந்தினார், வருந்தியதோடு முடிந்தது. இடம்மாறி நட்ட மிளகாயும் கத்தரியும் மேற்குக் காற்றில் நிற்கமாட்டாமல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடுத்த வசந்தத்தில் எங்கள் பெண்கள் சிலர் மீண்டும் கொத்தினார்கள். ஆளுக்கொரு மூலையாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை.